தெரிஞ்சுதான் போட்டேன் என்கிறான் உங்கள் தம்பி

என் ‘ஏனுங்க’வுக்கு,

இருந்தபோதே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகா கூப்பிடப் போகிறேன்? குன்னூரில் மழை விட்டபாடில்லை. பச்சைத் தேயிலை விலை இன்னும் எழுந்திருக்கவில்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று இத்தலார்ப் பக்கம் பலர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்களாம். உங்கள் தேயிலை பாக்டரியும் பாதி நாள் மூடிக் கிடக்கிறது.

அதெல்லாம் போகட்டும். உங்கள் தம்பி குமரேசன் சாப்பிடுவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர். இவனைப் பார்த்ததும் அவருக்கே பாவமாகிவிட்டது.

“கைதவறி சுவிட்சுல பட்டிருச்சா தம்பி?”

“இல்லீங்க. நாந்தான் பியூஸைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன்.”

“செரி, தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிக்கட்டுமா?”

“தெரிஞ்சுதானுங்க போட்டேன். எங்கண்ணனை நாந்தானுங்க கொன்னேன்.”

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது?

நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைசி நிமிஷம் மட்டும் தெரிந்திருக்காது. மெஷினுக்குள் கைவிடுகிறவர் எவரோ, அவரே பியூஸைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொள்வது உங்கள் பாக்டரி வழக்கம். அன்று சிக்கிய இலையை எடுக்குமுன் நீங்களும் பியூஸைப் பிடுங்கிக் கோட்டுப் பையில்தான் வைத்தீர்கள். ஆளைக் குறைத்துவிட்டார்கள், இலை அரைக்கிற இடத்தில் நீங்களும் தம்பியும்தான். காய்ச்சலோடு வந்தவன் நடுங்குவதைப் பார்த்துக் கோட்டைக் கழற்றி, “போட்டுக்கடா, குளுருது” என்று கொடுத்தீர்கள். பையில் இருந்ததை மறந்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்தீர்கள்.

இலை வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் பைக்குள் கைவிட்டான். பியூஸ் இருந்தது. அண்ணன் வேலையை முடித்துவிட்டுத்தான் தன்னிடம் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். அவன் நின்ற இடத்திலிருந்து நீங்கள் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் ஒரு சொல்லுக்கு அலைகிறேன். கைதவறி என்றால், கை தவறவில்லையே. தெரியாமல் என்றால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். கவனக்குறைவு என்கிறார்கள் பாக்டரியில். நடுங்குகிறவனுக்குக் கோட்டைக் கொடுத்ததா கவனக்குறைவு? பக்கத்து வீட்டம்மா விதி என்கிறார். விதியா வந்து பியூஸைச் சொருகியது? இத்தனை சொல் இருந்து என்ன பிரயோஜனம்? இந்தப் பிள்ளையை ஒரு வாய் சோறு தின்னவைக்க ஒன்றுக்கும் துப்பில்லை.

நேற்றுச் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளத்துப் பக்கம் நடந்தான். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

“எங்கடா போற?”

“அண்ணங்கிட்ட, அண்ணி.”

அறைந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் என்னோடு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டீர்கள்.

“கோட்டக் குடுத்தது உங்கண்ணன்தானடா? அப்ப அவரும் கொலைகாரரா?”

அங்கேயே உட்கார்ந்து அழுதான். நீங்கள் போன பிறகு அவன் அழுதது அப்போதுதான். அழுது ஓய்ந்து, “அப்ப யாருதான் அண்ணி செஞ்சது?” என்று கேட்டான்.

உங்களுக்காவது தெரிகிறதா? யாருமே செய்யாமல் ஒரு மனிதர் செத்துப்போக முடியுமா?

எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. கண் அசந்தால் போய்விடுவானோ என்று கதவுக்குக் குறுக்கே படுக்கிறேன். உங்களை நினைத்து அழக்கூட எனக்கு இன்னும் ஒழியவில்லை. இன்று காலையில் கஞ்சியை இரண்டு மடக்குக் குடித்தான். அவ்வளவுதான் இன்றைக்கு நல்ல சேதி.

தம்பி என்றால் உங்களுக்கு உயிர். அங்கே தனியாக இருப்பீர்கள், ஏக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் கனவில் வந்து அவனைக் கூப்பிட்டுவிடாதீர்கள். நீங்கள் கூப்பிட்டாலும் நான் அனுப்பமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
குமரேசனுக்கு அண்ணி,
மரகதம்