முப்பத்தேழாவது குண்டு

மார்ச் 3

மழை. துப்பாக்கியின் தோள்கட்டையைச் சரிசெய்வதிலேயே காலை போயிற்று. பக்கத்துத் தடத்தில் என் அறைத்தோழி. வாய் ஓயாததால் அவளுக்கு அரட்டை என்றே பெயர். வெளிநாட்டுப் போட்டிக்கு மீதி இருப்பது ஓர் இடம். மூன்று தேர்வுச் சுற்றுகள் முடிந்து, அவள் என்னைவிடப் பத்துப் புள்ளிக்கு மேல் முன்னே. "அக்கா, உங்க பெரிய பெட்டியக் குடுங்க, துணி அடுக்கணும்" என்கிறாள். சிரித்தேன். பெட்டியை எடுத்துக் கொடுக்கவில்லை.

மார்ச் 4

பயிற்சியாளரின் பழைய பல்லவி: குண்டு எங்கே போனது என்று முதலில் உனக்குத் தெரியணும், அப்புறம்தான் புள்ளி காட்டும் திரையைப் பார். அதற்காகவே என் நோட்டில் இரண்டு கட்டங்கள்: உணர்ந்தது, விழுந்தது. ஏழு வருடப் பழக்கம். இரண்டும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். என்னிடம் உள்ள ஒரே திறமை அதுதான்.

மார்ச் 6

கடைசிச் சுற்று. முப்பத்தேழாவது குண்டு. விசையை இழுக்கையில் மூச்சு இடறியது. வலப்பக்கம் விலகியது, தெரியும். என் திரையில் ஒரு குண்டுக்குப் பதில் இரண்டு குண்டுகளின் புள்ளிகள்: 10.6, 9.1. அதே நொடியில் அரட்டை தவறி என் இலக்கில் சுட்டுவிட்டாள். அவளுக்கு அது பூஜ்யம். நடுவர் குனிந்தார்.

"இதுல எதும்மா உன்னோடது?"

"தெரியலை சார்."

தெரியாவிட்டால் பெரியது எனக்கு. விதி அப்படி.

0.7 வித்தியாசத்தில் இடம் எனக்கு. 9.1 என்று சொல்லியிருந்தால், பூஜ்யத்தோடும் அவளுக்கே. நோட்டில் 'உணர்ந்தது' கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மார்ச் 7

அரட்டை பேசாமல் மூட்டை கட்டினாள். கதவருகே மட்டும்: "பக்கத்து இலக்கப் பாத்துச் சுட்டேனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். ஆனா அக்கா, அது நல்ல குண்டு. விட்டப்பவே தெரிஞ்சுது."

என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மார்ச் 8

அம்மா போனில்: "தெரு பூரா சொல்லிட்டேன்டி!"

மே 19

வெளிநாட்டுப் போட்டியில் ஐம்பத்திரண்டாவது இடம். அதுகூடப் பரவாயில்லை. சுட்டதும் உள்மனம் ஒன்றுமே சொல்லவில்லை — எங்க போச்சு? தெரியலை. தெரியலை. பொய்யாச் சொன்னது நெஜமாயிடுச்சா? அறுபது முறையும் திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 2

காலிக் கட்டத்தில் எழுதினேன்: வலம், 9.1. நோட்டைப் பயிற்சியாளர் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"இத மேல அனுப்பினா உன்னைத் தூக்கி வெளிய வைப்பாங்க. போட்டியும் முடிஞ்சாச்சு. யாருக்கு என்ன லாபம்?"

"அனுப்புங்க சார்."

ஜூலை 11

இரண்டு வருடத் தடை. அம்மா சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 27

ஐந்தரை மாதம் கழித்து அரட்டையிடமிருந்து முதல் செய்தி. ஒரே வரி: "அடுத்த மாசம் போட்டி, பெரிய பெட்டி வேணும்." அக்கா என்ற சொல் இல்லை.

பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன்.