பக்கத்து இருக்கையில் சம்பந்தி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமனாரும் சௌக்கியமாக இருப்பீர்கள், சம்பந்தியை இந்த முறை மனசாரத்தான் விசாரிக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. எதிர்வீட்டுத் தையல்காரம்மா லைசென்ஸ் டெஸ்டில் மறுபடியும் கோட்டை விட்டார், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார், நான் என்ன செய்ய.

நீ கார் ஓட்டுவதை மாப்பிள்ளை பின்சீட்டிலிருந்து எடுத்து அனுப்பினாரே, அந்த வீடியோ வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஊரில் பாதிப் பேருக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவன் நான், என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, ரிட்டையரான பேங்க் ஆபீசர் சம்பந்தியா? இங்கே இருந்தவரை, நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்குப்பா ஸ்டீயரிங் என்றவள் நீ. அவர் முகம் திரையில் வந்ததும், பயிற்சிக் காரில் என் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதுபோல என் கால் தானாகத் தரையை அழுத்தும், வீடியோவை நிறுத்திவிடுவேன். இடுப்பு வலிக்காக யோகாவுக்குப் போகிறேன் அல்லவா, அங்கே சொல்லித்தரும் நர்ஸம்மாவிடம் இதைக் கொட்டினேன். அடுத்தவருக்குக் கிடைத்தது நம்மிடமிருந்து பறிபோனது என்று மனசு நம்பிப் பழகிவிட்டது, புத்தி சொன்னால் மாறாது, தினமும் மூச்சுப் பயிற்சி முடிந்ததும் சம்பந்தியின் சந்தோஷத்தை நினைத்து நீங்களும் சந்தோஷப்படுங்கள், யோகத்தில் இதற்கு முதிதை என்று பேர் என்றார். கிளச்சிலேயே காலை வைத்திருப்பவனைத் திட்டிப் பயனில்லை, தினம் தினம் காலை எடுத்து வேறிடத்தில் வைத்தால்தான் பழக்கம் போகும், அதனால் எனக்கு அது புரிந்தது. ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சந்தோஷப்பட்டேன், முதலில் தாடையைத் தளர்த்துங்கள் என்றார் நர்ஸம்மா.

இன்று காலை மூச்சுப் பயிற்சி முடித்த கையோடு வீடியோவை முதன்முறையாகக் கடைசிவரை பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டி மறுபடி கிளப்பும்போது நீ அவரிடம் என்ன செய்ய என்று கேட்கிறாய், எனக்கென்னம்மா தெரியும், உங்கப்பா சொல்றதையே சொல்லு, நானும் கத்துக்கறேன் என்கிறார். கண்ணாடி, கழுத்து, அப்புறம்தான் கால் என்று நீ சொல்கிறாய். கண்ணாடியைப் பார்த்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து, பிறகே காலை அழுத்து என்று நான் நடத்தும் பாடம், சின்ன வயதில் என் பயிற்சிக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து நீ கேட்டது. அவரும் பள்ளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொறாமை ஒழிந்தது என்று புளுக மாட்டேன், ஆனால் கால் தரையை அழுத்தவில்லை.

மழையில் வேகம் வேண்டாம். சம்பந்தி கழுத்து என்று வாயால்தான் சொல்கிறார், திருப்புவதில்லை, பார்த்துச் சொல். எல்லோரும் தீர்க்காயுசாக நன்றாக இருங்கள், அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் முதல் வாத்தியார்,
அப்பா