லாபித் தரை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நலம்தான். நேரத்துக்கு எழுந்திருக்கிறேன், நேரத்துக்குப் படுக்கிறேன். அப்பா போய் நாலு மாதமாகியும் அழுகை மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். பார்த்துக்கொள்ளட்டும்.

நம் கட்டடச் செயலாளர் மேல் நீ போலீஸில் கொடுத்த புகாரின் நகல் முந்தாநாள் வந்தது. வழுக்கும் தரையை மாற்றாமல் விட்டு அப்பாவைக் கொன்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதவும் கை தயங்குகிறது. முதலில் லாபி சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அறுபது வருஷத்து லாபியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். தபால் பெட்டிகளெல்லாம் மாடிப்படி ஓரத்தில் குவிந்து கிடக்கின்றன. சுவரில் இருந்த மரப்பலகைகளைத் தச்சர் கழற்றி, பின்பக்கம் எண் போட்டு வைத்திருக்கிறார். அவை மட்டும் பழைய இடத்துக்கே திரும்புமாம். கறுப்பு வெள்ளை மொசைக்கை இயந்திரம் வைத்து உடைத்தார்கள். அப்பா விழுந்தாரே, லிஃப்ட்டுக்கு முன்னால், அந்த இடத்தையும் உடைத்தார்கள். படியில் நின்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மூக்கில் தூசி ஏறியது, மேலே வந்துவிட்டேன். புதுக்கல் சொரசொரவென்று இருக்கிறது. செருப்பையே தேய்த்துத் தீர்த்துவிடும் என்று மூன்றாம் மாடிக்காரர் இப்போதே முணுமுணுக்கிறார். அந்த மனிதருக்குச் சொர்க்கத்திலும் ஒரு குறை இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொது இடத்தில் எதை மாற்றினாலும் இருபத்து நாலு வீடும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீடு மாட்டேன் என்றாலும் வேலை நின்றுவிடும். மூன்று வருஷத்துக்கு முன்பே தரையை மாற்றுவதற்காகச் செயலாளர் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். இருபத்து மூன்று வீடு சரி என்றது. மாட்டேன் என்றது நம் வீடு.

அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். "வயசானவங்க வழுக்கி விழுந்துடுவாங்கன்னு சொல்றாங்கம்மா" என்றார். நான்தான், "ரெண்டு மாசம் தூசியை யாரு கூட்டறது? பாத்து நடந்தா போச்சு" என்றேன். அவர் என் பேச்சைத் தட்டியதில்லை. சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுப்பில் பால் இருந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை தாள் வந்ததும் முதல் கையெழுத்து என்னுடையதுதான்.

அப்பாவை எடுத்த அன்று நீ செயலாளரை வாய்க்கு வந்தபடி பேசினாய். அவர் தலைகுனிந்து நின்றார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. நேற்று அவரிடம் போய் அந்தப் பழைய தாளைக் கேட்டேன். "அது எங்கயோ போயிடுச்சும்மா, விடுங்க" என்றார். லிஃப்ட் பழுதுபார்த்த ரசீதைக்கூடத் தேதிவாரியாக வைத்திருக்கிற மனிதர் அவர். எனக்காகத்தான் தொலைத்திருக்கிறார். அடுத்த வாரம் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவரை விட்டுவிடப்பா. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். யாரையாவது திட்டாமல் உனக்கு ஆறாது என்றால் என்னைத் திட்டு. போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். திட்டி முடித்த பிறகு, எப்போதும்போல "சாப்பிட்டியாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போனை வை. நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன்
அம்மா