இடது கைக்கு ஓர் உருண்டை

என் செல்ல பிலோ அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு வந்திருந்தேனே, பார்த்தாயா? சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அரை மணி நேரம் உன் தலைமாட்டில் நின்றேன். உன்னிடம் சொல்ல ஒன்று இருந்தது. பக்கத்தில் உன் வீட்டுக்காரர் மாமா நின்றுகொண்டே இருந்ததால் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் செய்தி. எனக்கு இடது கைக்கு ஒரு டிராக்பால் கிடைக்கவில்லை. சிரிக்காதே. செத்துப்போன அக்காவுக்கு ஏழு வருடம் கழித்துக் கடிதம் எழுதுகிறவள், கம்ப்யூட்டர் சாமான் கிடைக்கவில்லை என்றா எழுதுவாள் என்று கேட்பாய். இதை வேறு யாரிடம் சொல்லட்டும்? கடத்தூரில் இடது கையால் டிசைன் செய்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருத்தி.

என் இடது மணிக்கட்டு போய்விட்டது அக்கா. மவுஸைப் பிடித்து இழுத்தால் சுண்டு விரல் தவிர மற்ற விரலெல்லாம் மரத்துப்போகின்றன. தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினேன். நரம்பு அழுந்துகிறதாம். "இனிமே இந்தக் கையால மவுஸைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார். நம் பழைய டிராக்பால் உருண்டை இருந்தால் கவலையே இல்லை. அது பாட்டுக்கு மேஜையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஓரத்தில் இருக்கிற சிவப்புப் பந்தைக் கட்டைவிரலால் உருட்டினால் போதும், கை நகரவே வேண்டாம். கன்னியர் மடத்து ஆபீஸில் இருந்த அந்த வெளிநாட்டு சிஸ்டர் ஊர் திரும்பும்போது "நீங்களும் என்னை மாதிரிதானே" என்று உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனது. நம் பேனர் கடையில் காலையில் நீ, மத்தியானம் நான் என்று முறை வைத்து உருட்டினோம். எத்தனை கல்யாணப் பத்திரிகை, எத்தனை பேனர்! ஒரு நாளாவது அது மக்கர் செய்ததா?

வலது கைக்குப் பழகிக்கொள் என்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன? பழகித்தான் பார்த்தேன். ஏரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு காதணி விழா பேனர் வந்தது. பெரியவர்கள் பெயர் வரிசையில் இறந்துபோன ஒருவருக்கு முன்னால் மட்டும் 'தெய்வத்திரு' போட வேண்டும். வலது கை சொன்னபடி கேட்காமல் அந்தச் சொல் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. நான் கவனிக்கவில்லை, அச்சாகிப் போய்விட்டது. மறுநாள் சுருட்டிய பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் கடைக்கு வந்தார்.

"ஏம்மா, என்னையப் பார்த்தா செத்தவனாட்டமா இருக்குது?" என்றார். "பேரப் புள்ளைங்க பேனரைப் பார்க்குதுங்க, அப்புறம் என்னையப் பார்க்குதுங்க. காலையில இருந்து இதே வேலை."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு அடித்துத் தருகிறேன் என்றேன். "வேண்டாங்க, பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கிற கடையில சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பேனரை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதிலிருந்து ஏரியூர்க்காரர்கள் நம் கடைப் பக்கம் வருவதில்லை.

தேடாமல் இல்லை அக்கா. முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். படத்தில் நம்முடையது போலவே இருந்தது. பிரித்துப் பார்த்தால் வலது கைக்காரர்களுக்கான வளைவு. இடது கையை வைத்தால் பந்து சுண்டு விரலுக்குத்தான் எட்டுகிறது. திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்று வாங்கினேன், நடுவில் பந்து வைத்தது. இரண்டு கைக்கும் பொது என்று போட்டிருந்தார்கள். பொது என்றால் இரண்டு கைக்கும் வசதியில்லை என்று அர்த்தம் போலிருக்கிறது. அதுவும் மூன்று மாதத்தில் தேய்ந்து, பந்து சிக்கிச் சிக்கி நகர்ந்தது. ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுங்கியது. தர்மபுரியில் கேட்டுப் பார்த்த கடைகளில் எல்லாம், மவுஸையே இடது பக்கம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கடைசியாக பெங்களூரில் இருக்கிற நம் சித்தி மகன் அந்தோணியிடம் சொன்னேன். ஒரு வாரம் அலைந்துவிட்டு போன் செய்தான்.

"அக்கா, லெஃப்ட் ஹேண்டுக்குன்னு செய்யறதே கம்மிக்கா. செய்யற ஒண்ணு ரெண்டும் இங்க வர்றதில்ல. உங்க பழைய மாடல் நின்னே போச்சு. ஆமா, சிஸ்டர் குடுத்தது ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?"

"அது அக்காகிட்ட இருக்குதுடா" என்றேன். அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

உனக்குத் தெரியும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் உன் வலது கையில் உன் மாமியார் ஜெபமாலை சுற்றினார். பைபிளை மாமா வைத்தார். நான் கடைக்கு ஓடிப்போய் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஒயரைச் சுருட்டி, உன் இடது உள்ளங்கைக்கு அடியில் வைத்தேன். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். மாமா மட்டும், "நீ வச்சுக்க ஜெசி, உனக்கு வேணுமே" என்றார். "நான் வேற வாங்கிக்கிறேன் மாமா" என்றேன். எவ்வளவு திமிர் பார் எனக்கு. என்னமோ சந்தையில் கூடை கூடையாகக் கொட்டி வைத்திருப்பது போல.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

நம் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று உனக்குத் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒரு குழிதான். அடுத்தவர் போகும்போது அதையே திறந்து, இருப்பதை ஓரமாக ஒதுக்கிவிட்டு இறக்குகிறார்கள். உன் குழியை அடுத்துத் திறந்தால் அது உன் மாமியாருக்காகத்தான் இருக்கும். அத்தை ஆடி மாதம் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறேன். எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு. கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூச்சு போன வாரத்தைவிட மெலிவாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். பெட்டி மக்கியிருந்தாலும் உருண்டையின் பிளாஸ்டிக் மக்காது, ஒயர் போனால் மாற்றிக்கொள்ளலாம், பந்தைக் கழுவினால் போதும் என்று மனசுக்குள் ஓடுகிறது. சட்டென்று எனக்கே உடம்பு கூசிப்போனது அக்கா. ஒரு மனுஷி எப்போது சாவாள் என்று, பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் கஞ்சி ஊட்டிக்கொண்டே கணக்குப் போட்டிருக்கிறேன். நான் இப்படிப்பட்டவளா? நீ இருந்தால் என்னை என்ன செய்வாய்?

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

அடுத்த ஞாயிறு போகவே கூடாது என்றிருந்தேன். மாமா ஆள் அனுப்பிவிட்டார், அத்தை கூப்பிடுகிறார் என்று. போனேன். அத்தை என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற கை என்று அவருக்குத் தெரியாது.

"ஏங்கண்ணு ஜெசி, பிலோவுக்குப் போட்டியே அஞ்சலி போஸ்டரு, ஊரே நின்னு பார்த்துச்சு. என்னோடதையும் நீயே போட்டுரு. பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன்கிட்ட குடுத்துறாதீங்க. அவன் மூஞ்சியெல்லாம் ஒரே மாதிரி வெளுத்துப்புடறான்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க அத்தை."

"பேசாம வுட்டா மட்டும் இந்த வூட்டுலயே இருந்துருவேனா? முடிச்சு வெச்சுரு கண்ணு. நான் ஒருக்கா பார்த்துடறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து செருப்பைக்கூடப் போடாமல் அழுதேன்.

மாமாவும் நானும் பேசிவிட்டோம். வேலையே வருவதில்லை, கடையை விட்டுவிடுகிறோம். அவர் அதைச் சொல்ல மூன்று நாள் தயங்கியிருக்கிறார் பாவம். கம்ப்யூட்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். எனக்கு வேறு என்ன வேலை தெரியும், யார் தருவார்கள் என்று கேட்காதே. யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

அத்தை படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் வலது கையால் முடியோரமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன். தப்பாகிறது, அழித்துவிட்டுத் திரும்ப வெட்டுகிறேன். உருண்டை இருந்தால் பத்து நிமிட வேலை. மூன்று வாரத்தில் ஒரு காதும், பாதி கொண்டையும் ஆகியிருக்கிறது. போன ஞாயிறும் அத்தையின் மூச்சைப் பார்த்தேன் அக்கா. நன்றாக ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். நான் முடிக்கிற வரைக்கும் அவர் இருந்தாக வேண்டும்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். குழி திறக்கிற அன்றைக்கு உன் கைப்பக்கம் நான் குனிந்து பார்க்க மாட்டேன். குழி வெட்டுகிறவர் எதையாவது எடுத்து "இது உங்களதுங்களா" என்று நீட்டினாலும், அவங்களோடது, அங்கேயே வைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நம் கடையின் கடைசி வேலை அத்தையின் போஸ்டர்தான். அதை முடிக்க எனக்கு இப்போது அவசரமே இல்லை.

உன் கூடப்பிறந்த இடதுகைக்காரி,
தங்கச்சி ஜெசிந்தா