பட்டியலில் இல்லாத உறவு

மார்ச் 4, செவ்வாய்
இரண்டு நாட்டு நடுவர் தீர்ப்புச் சட்டங்களை ஒப்பிடும் அறிக்கை பாதி முடிந்தது. கோர்ட்டுக்குப் போகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் சட்டம். இரண்டு நாடும் போன வருடம்தான் திருத்தின. எந்த உறவையெல்லாம் நடுவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்? நம் சட்டம் நீளமாகப் பட்டியல் போட்டிருக்கிறது. மற்ற நாட்டினுடையது ஒரே வரி: தெரிந்தால் ஒரு தரப்பு யோசிக்கும் என்றால், சொல்லிவிடு. இது சட்டமா, மாமியார் புத்திமதியா? பட்டியலே மேல் என்று அழுத்தி எழுதிவிட்டேன்.

மார்ச் 11
நானே நடுவர்! முதல் முறை. குளிர்பதனக் கிடங்குக்காரருக்கும் இயந்திரம் விற்ற கம்பெனிக்கும் தகராறு. கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 12
பாவிவிட்டது. கம்பெனியின் வக்கீல் அண்ணியின் தம்பி. அண்ணன் கல்யாணத்தில் குடும்பப் படத்துக்கு அவரைக் கூப்பிட மறந்ததில் தொடங்கிய சண்டை, இன்றுவரை எனக்கும் அவருக்கும் பேச்சில்லை.
பட்டியலைப் புரட்டினேன். அண்ணன் மனைவியின் தம்பி அதில் இல்லை. சண்டைக்காரரும் இல்லை. சொல்ல வேண்டியதில்லை.
அப்பாடா.

மார்ச் 14
என்ன அப்பாடா! கிடங்குக்காரருக்குத் தெரிந்தால் என்னைச் சொந்தக்காரி என்பார். கம்பெனியோ பகைக்காரி என்னும். ரெண்டு பேருமே யோசிப்பாங்கதானே?
அண்ணி சொல்கிறார்: "நீ வாயைத் திறக்கலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?" அதுதான் எனக்கு உறுத்துகிறது. இதுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! போச்சுன்னா அடுத்தது யார் குடுப்பா?

மார்ச் 15
இரு தரப்புக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். உறவு இன்னது, பேச்சுவார்த்தை இல்லை.

மார்ச் 20
கம்பெனி தரப்பில் ஆட்சேபம் இல்லை. அண்ணியின் தம்பியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்! ஆனால் கிடங்குக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "கோபமெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டுல தீர்ந்துடும்" என்றாராம் தன் வக்கீலிடம். எங்கள் கோபத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

மார்ச் 21
விலகிவிட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 25
அறிக்கையில் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதுகிறேன். பட்டியலைப் பார்த்தபோது தப்பிக்க வழி இருக்கிறதா என்றுதான் தேடினேன். அந்த ஒரு வரியோ எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை நினைக்க வைத்தது. அந்த நாட்டுச் சட்டமே மேல்.

மார்ச் 30, ஞாயிறு
அண்ணன் வீட்டில் அண்ணியின் தம்பியும் இருந்தார். "என்ன நடுவரம்மா, சண்டைக்காரின்னாலும் நீங்க ஓரவஞ்சனை பண்ண மாட்டீங்கன்னுதான் சரின்னு எழுதினேன்" என்றார். "உட்காருங்க, சாப்பிடலாம்" என்றேன்.
சாப்பிட்டு எழுந்தும் பேச்சு முடியவில்லை. அந்த வழக்கு இன்னும் என் கையில் இருந்திருந்தால், இவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதக் கை வந்திருக்குமா?
கிடங்குக்காரர் சொன்னது சரி.