மன்னிப்புக்குப் போன அங்கி

பெகாயிமின் அப்பாவுக்கு, சிர்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம், உங்கள் நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. நீங்கள் நலமாக இருங்கள். இங்கே யாரும் நலமாக இல்லை. போனில் நான் வாயைத் திறந்தாலே "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. நாளைக்கு ரஷ்யாவுக்கு, உங்கள் யெகாதெரின்பர்க்குக்கே விமானம் ஏறும் பக்கத்து வீட்டுக் குல்ஸாத்தின் கையில் கொடுத்து அனுப்புகிறேன், சனிக்கிழமை உங்களிடம் வந்துவிடும். அதற்குள் உங்கள் அண்ணன் போன் செய்திருப்பார். அவர் சொன்னது பாதி, மீதி இதில் இருக்கிறது.

தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஓர் அமைப்பு வந்து பள்ளியில் தலைமைப் பயிற்சி நடத்துகிறது, பத்தாம் வகுப்பில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்ததில் நம் பெகாயிமும் உண்டு என்று அக்டோபரில் சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா? கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் அவள் படத்தைக் காட்டினீர்களாம். ஊரில் ஒரு குறையைக் கண்டுபிடி, அதற்கு யார் பொறுப்பு என்று தெரிந்துகொள், நாலு பேர் முன்னால் அவரைக் கேள். இதுதான் பாடம். பயிற்சி கொடுக்க வந்த மீரிம் என்ற பெண் நம் வீட்டில் எத்தனை முறை தேநீர் குடித்திருப்பாள். "அக்கா, உங்க பொண்ணு பேசினா ஊரே எழுந்து நிக்கும் பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் அவள்தான்.

பிள்ளைகள் எடுத்துக்கொண்ட குறை பள்ளிக் கழிப்பறை. நான் படித்தபோது இருந்த அதே இடம்தான். மைதானத்தைத் தாண்டி வேலியோரம், தரையில் நாலு ஓட்டை, கதவு கிடையாது. குளிர்காலத்தில் உள்ளே காலை வைத்தால் பனிக்கட்டி வழுக்கும். பெண் பிள்ளைகள் காலையில் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் பள்ளிக்குப் போவது எதற்கென்று உங்களுக்குத் தெரியாது. மாதத்தில் மூன்று நாள் வயிற்றுவலி என்று பெகாயிம் வீட்டிலேயே கிடந்தது எதற்கென்றும் தெரியாது. நானும் சொன்னதில்லை. நானும் அப்படித்தான் படித்து முடித்தேன்.

போன வாரம் ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகள் கழிப்பறையின் படங்களைக் காட்டினார்கள், கணக்கெடுத்ததைப் படித்தார்கள். ஊராட்சித் தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படி ஒண்ணும் மோசமா இல்லையேம்மா, நாங்களும் அங்கதான் படிச்சோம்" என்றார். பெகாயிம் எழுந்தாள். "ரொம்ப நல்லதுங்க ஐயா. அப்போ இப்பவே ஒரு தடவை போயிட்டு வாங்க. நாங்க இங்கயே காத்திருக்கோம்" என்றாள். மன்றமே சிரித்தது. பின்வரிசைக் கிழவர்கள்கூடத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பொறுப்பானவரை நேரில் வந்து பார்க்கச் சொல் என்று பயிற்சிப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. கொஞ்சம் குறும்பும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அது உங்கள் பக்கத்து ரத்தம்.

மறுநாளே தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டாள். வருகிற திங்கட்கிழமை காலை, மொத்தப் பள்ளியும் வரிசையில் நிற்கும்போது, பெகாயிம் முன்னால் வந்து மன்னிப்புக் கடிதம் படிக்க வேண்டுமாம். படிக்காவிட்டால் நன்னடத்தைச் சான்று கிடையாதாம். அது இல்லாமல் நகரத்துக் கல்லூரியில் யாரும் சேர்க்கமாட்டார்கள். மீரிமுக்குப் போன் போட்டேன். "அக்கா, நாங்க இதுல தலையிட முடியாது. மன்னிப்பு கேக்குறதும் ஒரு தலைமைப் பண்புதானே" என்கிறாள். பேசு பேசு என்று ஏற்றிவிட்டு, பேசினதும் காணாமல் போவதற்குப் பெயர் பயிற்சியா? கூட்டத்துப் படங்களையும் அவர்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிறகு பெகாயிம் போனில் உங்களிடம் கேட்டாள். அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிக் கேட்டாள். "படிச்சிட்டு வந்துடும்மா, குனிஞ்சா ஒண்ணும் தேஞ்சு போயிடமாட்ட" என்றீர்கள். பக்கத்தில் நின்று நானும் அதைக் காதால் கேட்டேன். அன்றிலிருந்து உங்கள் போன் வந்தால் அவள் எடுப்பதில்லை.

அதோடு விட்டதா? செவ்வாய்க்கிழமை உங்கள் அண்ணன் வந்தார். கல்யாணமாகி இருபது வருஷமாக அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, நம் வழக்கம் அது. இன்றைக்கு எழுதுகிறேன். எசென்பெக். எசென்பெக் வந்து, "அந்தப் புது சாப்பன் அங்கிய எடும்மா" என்றார். நீங்கள் ஊருக்கு வரும்போது போடட்டும் என்று இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து நான் தைத்த அங்கி. எதற்கு என்று கேட்காமல் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். புருஷனின் அண்ணனிடம் எதற்கு என்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை. எசென்பெக் நேராகத் தலைவர் வீட்டுக்குப் போய், நாலு பெரியவர்கள் பார்க்க அதை அவர் தோளில் போர்த்தி, தலையில் வெள்ளைத் தொப்பியும் வைத்து, "தம்பி ஊர்ல இல்ல, அவன் சார்புல நான் மன்னிப்பு கேக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். அங்கியைப் போர்த்தி, தலைவரும் அதை வாங்கிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தப்பு நம் வீட்டுடையது, விஷயம் முடிந்தது.

பெகாயிம் பள்ளியிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நீதான் எடுத்துக் குடுத்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அழுதிருந்தால் தேவலை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். உங்கள் மேலும் உங்கள் அண்ணன் மேலும் வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை, அன்றைக்கு என் மேல் எனக்கு வந்ததுதான் கோபம்.

நேற்று நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். மரியாதைக்கு ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் விருந்துக்கு வரல, அங்கிய வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றேன். "போர்த்தினதைத் திரும்பக் கேக்குற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?" என்றாள். எங்கும் இல்லை என்று எனக்கும் தெரியும். "மன்னிப்பு கேக்க வேண்டியவங்க கேக்கல. கேக்காத மன்னிப்புக்கு அங்கி எதுக்கு?" என்றேன். தலைவர் உள்ளிருந்து வந்து, தாமே கொக்கியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டார். "ஒன் புருஷன் வரட்டும், பேசிக்கிறேன்" என்றார். பையில் மறைக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைத்தெரு வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

இப்போது உங்கள் உறவு மொத்தமும் கொதிக்கிறது. என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உங்களிடம் பேசப் போகிறாராம் எசென்பெக். அனுப்புவதா வேண்டாமா என்று நீங்கள் நிதானமாக யோசியுங்கள். அதற்கு அவசரமில்லை.

அவசரம் திங்கட்கிழமைக்குத்தான். காலை எட்டு மணிக்கு அவளை முன்னால் கூப்பிடுவார்கள். முன்னால் போவேன், ஆனால் படிக்கமாட்டேன் என்று நேற்றிரவு சாப்பிடும்போது சொன்னாள். சான்று போனால் கல்லூரி போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். நான் பள்ளி வாசலில் நிற்பேன். ஆனால் அவள் தேடுவது என்னை இல்லை.

என்னைத் திட்ட வேண்டுமானால் திங்கட்கிழமைக்குப் பிறகு ஆசை தீரத் திட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிடுங்கள், என்னை இல்லை, அவளை. குனி என்று சொன்ன அதே வாயால், குனியாதே என்று சொல்லுங்கள். அது வரவில்லை என்றால், சாப்பிட்டாயா என்றாவது கேளுங்கள். முதல் தடவை அடித்தால் எடுக்கமாட்டாள். வைத்துவிடாதீர்கள். விடாமல் அடியுங்கள்.

உங்களைக் கடவுள் காக்கட்டும்.

சிர்கா