கழுநீர்ப் பானையில் வந்த சீக்கு

வடக்குத் தெருவில் யாரோ பன்னி வாட்டுகிறார்கள், மக்கா. நாளை கழித்து கிறிஸ்துமஸ். காய்ந்த தென்னோலையைப் பற்றவைத்து மயிர் பொசுக்கும் மணம் என் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. எனக்கு வயிறு எரிகிறது. நீ போய் ஏழு வருஷம் ஆகிறது. இந்த மணம் வந்தால் முதலில் சவரிமுத்துவின் முகமும் பிறகுதான் உன் முகமும் நினைவுக்கு வருகின்றன. அந்த ஒரு காரணத்துக்காகவே அவனை நான் மன்னிக்கமாட்டேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பூவரச வேலிதான். கொழும்புக்குப் போன உன் புருஷன் கடுதாசி போடுவதை நிறுத்திய வருஷம் நீ அந்தத் தாய்ப்பன்னியை வாங்கினாய். இருபது வீட்டுப் புறவாசலில் உன் கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், மரச்சீனிக் கிழங்குத் தோல், மீன் செதிள், எல்லாம் அதில் விழும். சாயங்காலம் நீ வீடுவீடாகப் போய்க் குடத்தில் சேர்த்து எடுத்து வருவாய். பதிலுக்கு, பன்னி வெட்டும்போது பானை வைத்த வீட்டுக்கெல்லாம் ஒரு பங்கு கறி. தலையில் கழுநீரை வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி நடக்கிறாயே என்று நான் கேலி செய்வேன். “இது எனக்க சோறுட்டி, சிந்தாம நடக்காண்டாமா?” என்பாய்.

சவரிமுத்துவுக்குக் கழுநீர் எடுக்கிற அவசியம் இல்லை. தோப்பும் ஆளும் இருந்தன. ஊரிலேயே பெரிய பன்னிக்கூடு அவனுடையது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் ஒரு பெரிய ஆண்பன்னியை வெட்டி ஊர் முழுக்கத் தேக்கிலையில் பங்கு கொடுத்தான். வாட்டும்போது வழக்கத்துக்கு மேல் கருக்கியிருந்தான். தோல் கரிக்கட்டையாக இருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, ஓசிக்கறியில் யார் குறை பார்ப்பார்கள்? நானும் வாங்கி வந்து மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். அந்தத் தண்ணீரை உன் பானையில் ஊற்றினேன். எல்லா வீட்டிலும் அதையேதான் செய்தார்கள். கறி கழுவின தண்ணீர் குடித்தால் பன்னி நெய் வைத்துக் கொழுக்கும் என்பது நம் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு உன் தாய்ப்பன்னி தொட்டியில் வாய் வைக்கவில்லை. கண்ணில் பீளை. பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டு தள்ளாடியது. காதிலும் அடிவயிற்றிலும் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்தது. எட்டுக் குட்டிகளும் வெயில் நேரத்திலேயே குளிரில் நடுங்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு வாரத்துக்குள் கூடு காலி. அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளில் விழ ஆரம்பித்தன. இருபது வீட்டுத் தண்ணீரும் உன் தொட்டிக்கு வந்தது, அதனால் உன் வீட்டில் முதலில் விழுந்தது. ஊருக்கு அது புரியவில்லை. உன் பன்னி விழுவதற்குப் பத்து நாளுக்கு முன்னால் நீ கோட்டாறு சந்தையில் ஒரு குட்டி வாங்கி வந்தது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சவரிமுத்து கையை நீட்டிச் சொன்னான்: “சந்தைச் சீக்கைக் கொண்டாந்து ஊருக்குள்ள விட்டது இவதான்.” அந்தச் சந்தைக்குட்டியைத் தாய்ப்பன்னி கடித்ததால் நீ அதைத் தனியாக என் முருங்கை மரத்தில் கட்டி, உன் கஞ்சியில் பாதியை ஊற்றி வளர்த்தாய். ஊரில் அத்தனை பன்னியும் சாகும்போது அது மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. கண் இருந்தவன் பார்த்திருக்கலாம். சவரிமுத்து உலக்கையோடு வந்து எல்லார் முன்னாலும் அதை அடித்துக் கொன்றான். நீ அழவில்லை. மறுநாள் என் வீட்டுப் பானை தவிர மற்றப் பத்தொன்பதையும் கவிழ்த்துப்போட்டார்கள். உனக்கு அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கக்கூட என் வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை.

அதோடு ஒடுங்கிப் போகிறவளா நீ? நாகர்கோவில் மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தே போய், டாக்டர் வெளியே வரும் வரை நின்று கேட்டுவிட்டு வந்தாய். வந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “அந்தக் குட்டிக்க வாயில பானைத் தண்ணி படல்ல, கேட்டியா. கறி கழுவின தண்ணியிலதான் சீக்கு. கொதிக்க வச்சுக் குடுத்தா வராதாம். செத்ததை ஆழமாப் புதைச்சுச் சுண்ணாம்பு போடணுமாம்.” நான் ஊற்றினேனே என்று உன் முன்னால் தலையில் அடித்துக்கொண்டேன். “நீ மட்டுமா ஊத்தின?” என்றாய். அதற்குமேல் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

வீடுவீடாகப் போய்ச் சொன்னாய். சீக்குக்காரி வருகிறாள் என்று கதவைச் சாத்தினார்கள். வெட்டுவதற்கு முன் மூன்று நாளாக அந்தப் பன்னி தீனி எடுக்கவில்லை என்று சவரிமுத்துவின் பெண்சாதியே ஒருநாள் கிணற்றடியில் என்னிடம் வாய்தவறிச் சொன்னாள். தெரிந்துதான் வெட்டியிருக்கிறான். தெரிந்துதான், தோல் திட்டை மறைக்கக் கருக்கியிருக்கிறான். அதை நான் ஊரில் சொன்னபோது, சிநேகிதிக்காகப் புளுகுகிறேன் என்று சிரித்தார்கள். பானை போன பிறகு பிழைக்க வழியில்லாமல் நீ மலைமேல் ரப்பர் தோட்ட வேலைக்குப் போனாய். மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தாய், பதினோரு நாள் கிடந்தாய். உன் குழியில் சவரிமுத்துவும் ஒரு பிடி மண் போட்டான். அந்தக் கையை அன்றைக்கே வெட்டியிருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்துச் சீக்கு மறுபடி வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. என்னிடம் அப்போது இரண்டு பன்னி. நீ சொன்னபடி ஒவ்வொரு சொட்டுக் கழுநீரையும் கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்றினேன். வேலி தாண்டி ஆளையோ நாயையோ விடவில்லை. இரண்டும் கல் மாதிரி நின்றன. சவரிமுத்துவின் கூட்டில் பதினான்கு. முதல் மூன்று விழுந்ததும், ஒரு புதன்கிழமை, அவன் வேலியோரம் வந்து நின்றான்.

“நீ என்ன செஞ்ச? உனக்கது மட்டும் நிக்குதே” என்று கேட்டான்.

நான் சொன்னேன்: “ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, அதே கோயில் முத்தத்துல, அவளுக்க பேரைச் சொல்லி, அண்ணைக்கு யாருக்க பன்னிக்குச் சீக்குன்னு சொல்லும். பொறவு சொல்லுகேன்.”

வைதான். போய்விட்டான். வியாழனும் வெள்ளியும் நான் வேலியோரமே நின்று, அவன் பன்னிகள் விழுவதை எண்ணினேன். செத்ததை அவன் வாய்க்கால் கரையில் வீசினான், நாய்கள் இழுத்துப் போயின. பார்த்துக்கொண்டிருந்தேன். புதைக்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சோறு ருசித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் முற்றத்தில் நின்றான். உன் பேரைச் சொன்னான். “அவ கொண்டு வரல்ல. எனக்க பன்னிக்குத்தான் சீக்கு. தெரிஞ்சுதான் வெட்டினேன்” என்றான். முற்றம் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டது. பானையைக் கவிழ்த்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நான் அவன் பக்கத்தில் போய், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்போது அவனிடம் மிச்சம் ஒரே ஒரு பன்னி.

ஆனால் வாய்க்கால் கரையிலிருந்து அதற்குள் மூன்று வீட்டுக்குச் சீக்கு போய்விட்டது. ஒருத்தி உன் பானையைக் கவிழ்த்தவள். மற்ற இரண்டு பேரும் நமக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர்கள். அதில் ஒருத்திக்கு அந்தப் பன்னியை விட்டால் வேறு நாதி இல்லை, உன்னை மாதிரியே. இப்போது அவளுக்குக் கழுநீர் கொதிக்க வைத்துக் கொடுக்கிறேன். என் பன்னி போட்ட குட்டியில் ஒன்றும் கொடுத்தேன். ஏன் கொடுக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

இன்று சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும். கோபப்பட்டது, பொய் சொன்னது, பூசைக்குப் பிந்திப் போனது எல்லாம் சொல்லுவேன். புதன் முதல் ஞாயிறு வரைக்குமான அந்த நாட்களை இத்தனை வருஷமாகச் சொன்னதில்லை. செய்ததை நினைத்து வருந்துகிற மனஸ்தாபம் இருந்தால்தான் மன்னிப்பு உண்டு என்கிறார் சாமியார். அந்த இரண்டு பேருக்காக எனக்கு மனஸ்தாபம் உண்டு, மக்கா. சவரிமுத்துவுக்காக இன்னும் வரவில்லை.